திருச்செந்தூரிலிருந்து உவரி வரை: இரண்டு நாள் கடற்கரைப் பயணம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்செந்தூருக்குச் சாமி கும்பிடப் போகிற பெரும்பாலானவர்கள் கடலில் ஒரு முழுக்குப் போட்டு, தரிசனம் முடித்து, சில்லுக்கருப்பட்டி வாங்கிக்கொண்டு அன்றைக்கே வண்டி ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து தெற்கே கடலை ஒட்டி உவரி வரைக்கும் சுமார் 40 கிலோமீட்டர். அந்த வழியில் இருக்கும் ஊர்களைப் பார்க்காமல் திரும்புவது எனக்குப் பெரிய வருத்தம். என் அம்மா பிறந்தது உடன்குடிப் பக்கம், பள்ளி விடுமுறை எல்லாம் இங்கேதான் கழிந்தது, இப்போதும் வருடத்துக்கு ஒரு தடவையாவது போகிறேன். தெரிந்தவர்கள் போன் போட்டுக் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தெந்த ஊர்களைச் சொல்கிறீர்கள்?

வடக்கிலிருந்து தெற்காக: திருச்செந்தூர், ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரன்பட்டினம் (எல்லோரும் குலசை என்றுதான் சொல்வார்கள்), மணப்பாடு, பெரியதாழை, கூடுதாழை, கூட்டப்பனை, உவரி. உவரி திருநெல்வேலி மாவட்டத்தில் வருகிறது, பெரியதாழை வரைக்கும் தூத்துக்குடி மாவட்டம். கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி உடன்குடியும் தேரிக்காடும் (சிவப்பு மணல் மேடுகள்) இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவை இல்லாமல் இந்தப் பயணம் நிறையாது.

எல்லா ஊரிலும் இறங்க வேண்டியதில்லை. திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, அப்புறம் ஒரு தேரிக்காடு. இந்த நான்கையும் நிதானமாகப் பார்த்தாலே போதும். மற்ற ஊர்களை வண்டியில் போகும்போது கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம், பிடித்த இடத்தில் நிறுத்தலாம்.

எத்தனை நாள் வேண்டும்?

இரண்டு இரவு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கி ஞாயிறு மதியம் கிளம்பினால் சரியாக இருக்கும். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு, தூரத்தை மட்டும் பார்த்தால் முடியும்தான். ஆனால் இந்தக் கடற்கரை காலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும், பிறகு மாலை நாலரைக்கு மேலும்தான் பார்க்கிற மாதிரி இருக்கும். நடுவில் மணல் காலைச் சுட்டுவிடும், கண்ணைத் திறக்க முடியாது. முதல் தடவை என் பிள்ளைகளை மணப்பாட்டுக்கு அழைத்துப் போனபோது காலை பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். செருப்பை விட்டுவிட்டு மணல்மேட்டில் பத்தடி நடப்பதற்குள் சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள், மேலே ஏறாமலேயே திரும்பினோம். அதே இடத்துக்கு மறுநாள் சாயங்காலம் போனோம், இருட்டிய பிறகும் அவளைக் கிளப்ப முடியவில்லை.

ஆகவே ஊர்களின் எண்ணிக்கையை வைத்துத் திட்டம் போடாதீர்கள். உங்களுக்கு எத்தனை காலையும் எத்தனை மாலையும் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு இரவு தங்கினால் இரண்டு மாலை, இரண்டு காலை நிச்சயம்.

எந்த மாதம் போகலாம்?

என்னைக் கேட்டால் ஜனவரியும் பிப்ரவரியும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு கிடைக்கும். தைப்பூச நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்தப் பக்கம் மழை பெய்கிற ஒரே காலம் ஏறக்குறைய அதுதான், மழை பெய்யாத நாட்களில் வானமும் கடலும் மிக அழகாக இருக்கும், ஆனால் புயல் சின்னம் ஏதாவது இருந்தால் வரவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று. மேற்கே மலையைத் தாண்டி வருகிற காற்று இது, இந்தப் பக்கத்துக்கு மழையைக் கொண்டு வராது, மணலைத்தான் அள்ளி வீசும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. ஆனால் பதநீரும் நுங்கும் கிடைப்பது அப்போதுதான், அதற்காகவே அந்த மாதங்களில் வருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் வந்திருக்கிறேன்.

எந்த நாட்களில் போகவே கூடாது?

திருவிழாவைப் பார்க்க வருகிறீர்கள் என்றால் அது வேறு கதை. அமைதியாக ஊர் பார்க்க என்றால் இந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்: ஐப்பசியில் கந்த சஷ்டியும் சூரசம்ஹாரமும், வைகாசி விசாகம், தைப்பூசம், மாசித் திருவிழா, ஆவணித் திருவிழா. இந்த நாட்களில் திருச்செந்தூரில் அறையும் கிடைக்காது, வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. குலசை முத்தாரம்மன் தசரா பத்து நாளும், குறிப்பாக விஜயதசமி இரவும், அந்தச் சாலையே மனிதர்களால் நிறைந்துவிடும். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா, 14ஆம் தேதி பெருநாள். பங்குனி உத்திரத்துக்குத் தென்மாவட்டக்காரர்கள் எல்லோரும் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள், தேரிக்காட்டுச் சாஸ்தா கோயில்களில் நிற்க இடம் இருக்காது. உவரி அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை கூட்டம்.

எப்படி வருவது?

சென்னையிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, எழும்பூரில் மாலை ஏறினால் காலையில் திருச்செந்தூரிலேயே இறங்கலாம். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுற்றி வரும், அவசரம் இல்லாதவர்களுக்கு நல்ல ரயில். டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ வந்துவிடுங்கள், இரண்டு ஊரிலிருந்தும் திருச்செந்தூருக்கு அடிக்கடி பஸ் உண்டு, திருநெல்வேலியிலிருந்து பாசஞ்சர் ரயிலும் உண்டு. அந்தப் பாசஞ்சரில் பகலில் வந்தால் தாமிரபரணிக் கரையின் வயலும் வாழையும் ஜன்னலில் ஓடிக்கொண்டே வரும், ஆழ்வார்திருநகரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பனைமரங்கள் அதிகமாக ஆரம்பித்துவிடும். விமானம் என்றால் தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது, அங்கிருந்து வாடகைக் கார்தான் வசதி.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். திருச்செந்தூர் பஸ் நிலையத்திலிருந்து குலசை, மணப்பாடு, உடன்குடி, உவரி எல்லாவற்றுக்கும் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மாலை மங்கிய பிறகு மணப்பாட்டிலிருந்து திரும்புவதற்கு பஸ்ஸை நம்பி உட்கார்ந்திருப்பது சிரமம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கைந்து பேர் இருந்தால் ஒரு நாளைக்கு மட்டும் ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வது நல்லது. பேசும்போது கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், "மணப்பாட்டில் இருட்டுகிற வரை இருப்போம், காத்திருக்க வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாததால்தான் எனக்கு ஒரு தடவை சண்டை வந்தது.

தேரிக்காட்டுக்கு மட்டும் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ கட்டாயம்.

எங்கே தங்குவது?

திருச்செந்தூரில். லாட்ஜ், விருந்தினர் விடுதி, சமுதாய மடங்கள் என்று எல்லா விலையிலும் இருக்கின்றன. கோயிலுக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று அலைய வேண்டாம், ஒரு கிலோமீட்டர் தள்ளி எடுத்தால் இரவு தூக்கம் கிடைக்கும். வார இறுதி, கிருத்திகை, சஷ்டி, விடுமுறை நாட்களில் முன்பதிவு இல்லாமல் வராதீர்கள். முன்பதிவு செய்திருந்தாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கூட்ட நாளில் நான் முன்பணம் கட்டி வைத்திருந்த அறையை விடுதிக்காரர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார், வயதான அம்மாவை வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு வேறு அறை தேடினேன்.

மணப்பாட்டில் தங்கும் இடம் மிகக் குறைவு. உவரியில் கோயிலுக்கு வருகிறவர்களுக்காக அறைகள் இருக்கின்றன, எளிமையானவை, வேண்டுதலுக்காக வந்து நாட்கணக்கில் தங்குகிற குடும்பங்கள்தான் அவற்றில் அதிகம். அவர்களோடு இருப்பதில் உங்களுக்குச் சங்கடம் இல்லையென்றால் இரண்டாவது இரவை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

திருச்செந்தூர் கோயிலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

அது கூட்டத்தைப் பொறுத்தது, ஒரு மணி நேரமும் ஆகலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். இங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தெரியாதவர்கள் வாசலில் தடுமாறுகிறார்கள். முருகன் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறார், ஆனால் ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்குப் பக்கம் இருக்கிறது, வேறு கோயில்களில் இப்படிப் பார்ப்பது அரிது. பன்னீர் இலையில் வைத்துத் தரும் விபூதியை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நாழிக்கிணறு, படி இறங்கிப் போனால் உப்புக் கடலுக்கு எட்டிய தூரத்தில் குடிக்கிற தண்ணீர். கடல் ஓரமாக வடக்கே நடந்தால் வள்ளி குகை.

ஒன்று கவனியுங்கள், இந்தக் குகையையும் நல்ல தண்ணீர்க் கிணற்றையும் மனதில் வைத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போங்கள். அங்கேயும் கடலோரப் பாறையில் ஒரு குகை, அதற்குள் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. 18 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மதத்துக்காரர்கள் அதே மாதிரியான இடத்தில்தான் போய் நின்று கும்பிட்டிருக்கிறார்கள்.

மணப்பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

என் வரையில் இந்தப் பயணத்தின் நடு இடம் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் குன்று. உச்சியில் வெள்ளையாகத் திருச்சிலுவைக் கோயில், அதன் அருகில் கலங்கரை விளக்கம், கீழே பிறை வடிவில் வளைந்து கிடக்கும் ஊர், கரையில் வரிசையாகப் படகுகள். ஊருக்குள் ஓங்கி நிற்கும் கோயில் கோபுரங்கள் தூரத்திலிருந்தே தெரியும். கருமேனியாறு கடலில் சேரும் இடமும் இதுதான், மழைக்குப் பிறகு வந்தால் ஆற்று வாயில் இருக்கும் கழியில் தண்ணீர் நிறைந்து நிற்கும். காற்றும் அலையும் சரியாக அமைகிற மாதங்களில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களும் வருகிறார்கள்.

கதை இப்படிச் சொல்வார்கள்: 1540 வாக்கில் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று புயலில் மாட்டிக்கொண்டது, பாய்மரம் முறிந்தது, உயிரோடு கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுகிறேன் என்று மாலுமித் தலைவர் நேர்ந்துகொண்டார், மணப்பாட்டில் கரை ஒதுங்கிய கப்பலிலிருந்து அந்தச் சிலுவை குன்றின்மேல் ஏறியது. 1581இல் அங்கே கோயில் எழும்பியது. இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு என்று வணங்கப்படும் திருப்பண்டம் இங்கே இருக்கிறது, செப்டம்பர் திருவிழாக் கூட்டம் அதற்காகத்தான்.

இந்தக் கரையின் மீனவ மக்களான பரதவர்கள் 1530களில் கத்தோலிக்கர்கள் ஆனார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது, ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். மணப்பாட்டில் அவர் தங்கி ஜெபித்த இடம் என்று காட்டுகிற குகைதான் நான் முதலில் சொன்னது. கடலைப் பார்த்த பாறையில் இருக்கிறது. உள்ளே போனால் அலைச் சத்தம் வேறு மாதிரி கேட்கும். அங்கே இருக்கிறவர்கள் பெரும்பாலும் மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருப்பார்கள், பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நடக்காமல் வந்துவிடாதீர்கள். இலங்கைக்குக் கப்பல் ஓட்டிக் கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் கட்டிய பெரிய வீடுகள் இன்னும் நிற்கின்றன, அகலமான வாசல், வளைவுகள், உயரமான தூண்கள். சிலவற்றில் ஆள் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் "ஐயா, இந்த வீடு எப்போது கட்டினது?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கதை கிடைக்கும். எனக்கு ஒரு பாட்டி கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்து, தன் மாமனார் தோணியில் கொழும்புக்குப் போய் வந்த கதையைச் சொன்னார். யார் எவர் என்று கூடக் கேட்கவில்லை.

சரி, நேரம்: மாலை நாலரைக்கு ஊருக்குள் நடை, ஐந்தரைக்குக் குன்று, இருட்டும் வரை அங்கேயே. கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பித்த பிறகு இறங்குங்கள்.

குலசையில் தசரா இல்லாத நாட்களில் பார்க்க ஏதாவது உண்டா?

முத்தாரம்மன் கோயில் இருக்கிறது, சாதாரண நாட்களில் அமைதியாகக் கும்பிடலாம். தசராவில் காளி, குரங்கு, போலீஸ், குறத்தி என்று விதவிதமாக வேஷம் கட்டி, மாலை போட்டு, விரதம் இருந்து, ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துக்கொண்டு வருவார்கள், கடைசி இரவு கடற்கரையில் மகிஷாசூரசம்ஹாரம். அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், ஆனால் அதற்குத் தனிப் பயணம் வையுங்கள், இதோடு சேர்க்காதீர்கள்.

இன்னொரு விஷயம், நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் இங்கேதான் கட்டப்படுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏன் குலசை என்றால், துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் ராக்கெட் தெற்கே பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வருகிறது, அதனால் வளைத்து விட வேண்டியிருக்கிறது, எரிபொருள் கூடச் செலவாகிறது. குலசைக்குத் தெற்கே வெறும் கடல். சின்ன ராக்கெட்டுகளுக்கு அந்த மிச்சம் பெரிய விஷயம். கட்டுமான இடத்துக்குள் போக அனுமதி இல்லை, வேலி ஓரம் நின்று படம் எடுத்து வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தேரிக்காடு என்கிறீர்களே, அது என்ன?

செம்மண் மேடுகள். கடற்கரை மணல் வெளுப்பாகக் கிடக்க, கொஞ்ச தூரம் உள்ளே வந்தால் ரத்தச் சிவப்பில் மணல் குன்றுகள். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்த நிறம். காற்று அடித்துக் குவித்த மணல்தான் இது, இன்றைக்கும் கச்சான் காலத்தில் மேடு இடம் மாறும். நடுவில் பனையும் உடைமரமும் கொல்லாமரமும் (முந்திரி).

திருச்செந்தூருக்குப் பக்கத்தில் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போங்கள். சுற்றிலும் சிவப்பு மணல், அதன் நடுவில் ஒரு சுனை, சுனையைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்று மரங்கள். அந்தத் தண்ணீர் எப்படி அங்கே நிற்கிறது என்று சின்ன வயதில் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பெய்கிற மழையை மணல் உள்ளே வாங்கி, கீழே வைத்திருந்து, பள்ளமான இடத்தில் மெல்ல விடுகிறது, கடலோரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருப்பதற்கும் இந்த மாதிரி மணல்தான் காரணம்.

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். தேரிக்குள் பாதை தெரியாமல் ரொம்ப தூரம் நடக்க வேண்டாம், எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும், திசை தவறிவிடும். கார் சக்கரத்தை மணலில் இறக்கினால் அவ்வளவுதான், டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

உவரிக்கு எதற்காகப் போக வேண்டும்?

ஒரே ஊரில் மூன்று கோயில். சுயம்புலிங்க சுவாமி கோயில் கடற்கரையிலேயே இருக்கிறது, கடலில் குளித்துவிட்டுப் பனை ஓலைப் பெட்டியில் கடல் மண்ணை அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் குவிப்பது இங்கே நேர்த்திக்கடன். வயதானவர்கள் கூட ஈரத்துணியோடு பெட்டி பெட்டியாகச் சுமப்பார்கள். அந்தோணியார் கோயிலுக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள், மனநலம் சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பங்களையும் பார்ப்பீர்கள், அவர்களை வேடிக்கை பார்க்காதீர்கள், படம் எடுக்கவே கூடாது. மூன்றாவது கப்பல் மாதா கோயில், கப்பல் வடிவத்திலேயே கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

போகிற வழியில் பெரியதாழையில் பத்து நிமிடம் நில்லுங்கள். கடல் அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு இருக்கிறது, கடலுக்குள் நீளும் அந்தக் கல் கரையைப் பார்த்தால் இந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வருடமும் எவ்வளவு கரையை இழக்கிறார்கள் என்பது புரியும். கூடுதாழை, கூட்டப்பனையிலும் அதே கவலைதான்.

கடலில் குளிக்கலாமா?

திருச்செந்தூரில் எல்லோரும் குளிக்கிற இடத்தில், எல்லோரும் நிற்கிற ஆழத்தில் குளியுங்கள். அங்கேயும் அடியில் பாறை உண்டு, அலை தள்ளிவிட்டுக் கால் உடைந்தவர்கள் இருக்கிறார்கள், சில நாட்களில் கரை அரித்துப் படிக்கு அருகிலேயே திடீர்ப் பள்ளம் இருக்கும். மணப்பாட்டில் குன்றுக்குக் கீழே பாறைப் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள். ஆள் இல்லாத கடற்கரையைப் பார்த்ததும் நமக்கு ஆசை வரும், ஊர்க்காரர்கள் அங்கே குளிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். கரையில் யாராவது இருந்தால் "அண்ணாச்சி, இங்கே இறங்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், வந்துவிடுங்கள்.

மீன் ஏலம் பார்க்க முடியுமா? மீன் வாங்கலாமா?

காலையில் படகு கரை திரும்புகிற நேரத்துக்குப் போனால் பார்க்கலாம். எந்த நேரம் என்பது காற்றையும் மீனையும் பொறுத்து மாறும், முந்தின நாள் மாலையே கரையில் கேட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் அன்றைக்குத் தொழிலுக்குப் போவதில்லை, ஆனால் அன்று காலை கோயில் பூசைக்கு ஊரே கூடியிருப்பதைப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப் படகுகள் அப்போதும் போகும்.

ஏலம் நடக்கும்போது வட்டத்துக்குள் தலையை நீட்டாதீர்கள். இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்தவருக்கு அன்றைய கூலி முடிவாகிற நேரம் அது. விரித்துக் காயப்போட்டிருக்கும் வலையை மிதிக்கக் கூடாது, படகில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கக் கூடாது. வாங்க வேண்டும் என்றால் ஏலம் முடிந்த பிறகு, பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் அக்காமார்களிடம் வாங்குங்கள், சாளையோ நெத்திலியோ கையில் எடுத்துப் பார்த்தாலே புதுசு என்று தெரியும்.

சாப்பாடு எப்படி?

திருச்செந்தூரில் கோயிலைச் சுற்றிச் சைவ ஓட்டல்கள்தான் அதிகம், ஊருக்குள் வந்தால் அசைவமும் கிடைக்கும். மணப்பாட்டிலும் பெரியதாழையிலும் பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்காதீர்கள். மதியச் சாப்பாட்டை உடன்குடியில் வைத்துக்கொள்வது வசதி. வடக்கே எட்டு கிலோமீட்டர் போக முடிந்தால் காயல்பட்டினத்தில் வட்டிலப்பம் கேட்டுப் பாருங்கள், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேக வைத்த இனிப்பு, வீட்டில் செய்வதுதான் ருசி, தெரிந்தவர் இருந்தால் அதிர்ஷ்டம்.

பதநீர்க் காலத்தில் வந்தால் சாலையோரம் பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், நுங்கை அதிலேயே சீவிப் போடச் சொல்லுங்கள். காலையிலேயே குடித்துவிட வேண்டும், நேரம் ஆக ஆகப் புளித்துவிடும்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. மணப்பாட்டுக் குன்றின்மேல் கோயில் பக்கம் வரை வண்டி போகும். குகைக்குத்தான் இறங்கி ஏற வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் மேலேயே காற்று வாங்கிக்கொண்டு உட்காரலாம். நாழிக்கிணற்றுப் படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், மாற்றுத் துணி, அப்புறம் மணலில் கழற்றி மாட்ட வசதியான செருப்பு.

ஒரு நாள்தான் இருக்கிறது, என்ன செய்வது?

விடிகாலையில் திருச்செந்தூர் தரிசனம், மதியம் அறையில் நல்ல தூக்கம், மாலை முழுவதும் மணப்பாடு. உவரியையும் தேரியையும் அடுத்த தடவைக்கு விட்டுவிடுங்கள்.

அப்படியே கன்னியாகுமரி வரை போய்விடலாமா?

போகலாம், உவரியிலிருந்து கூடங்குளம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். வழியில் காற்றாலைகள் காடு மாதிரி நிற்கும், அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் தூரத்திலேயே தெரியும். இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் இருக்கிறது, 2011 முதல் அணு உலைக்கு எதிராக ஊரே திரண்டு உட்கார்ந்த பந்தல் அந்தக் கோயில் வாசலில்தான் இருந்தது. அங்கே போனால் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். ஆனால் கன்னியாகுமரியைச் சேர்த்தால் மூன்றாவது இரவு வேண்டும்.

வரும்போது என்ன வாங்கி வருவது?

உடன்குடி கருப்பட்டி. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்ளே பளபளவென்று கற்கண்டு மாதிரி மின்னினால் சீனி கலந்தது, நல்ல கருப்பட்டி உள்ளே மங்கலாகத்தான் இருக்கும், மழைக்காலத்தில் கசியும். விலை கூடத்தான் இருக்கும், பனை ஏற ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிற காலத்தில் பேரம் பேச எனக்கு மனசு வருவதில்லை. சுக்கு, மிளகு தட்டிப் போட்ட சில்லுக்கருப்பட்டி பிள்ளைகளுக்கு.

மணப்பாட்டுப் பெண்கள் பனை ஓலையில் முடைகிற பெட்டிகளும் கூடைகளும் உண்டு. கருப்பட்டியை அப்படி ஒரு ஓலைப் பெட்டியிலேயே போட்டு வாங்கி வாருங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்து இளகிவிடும், ஓலைக்குள் இருந்தால் ஊர் போய்ச் சேரும்வரை அப்படியே இருக்கும்.